டாக்டரை நீக்கிவிட்டார்களாம், நமக்கென்ன?

(நமது நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், உயில், நாமினி என்று பேசுவது வழக்கம். இன்று கொஞ்சம் மாறுதலாக, டாக்டர்களின் வேலை போவதைப் பற்றிப் பேசப் போகிறேன். "அது டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள விவகாரம், நமக்கென்ன?" என்று தோன்றும். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

உங்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். மூன்று மாதம் கழித்து ரிவ்யூவுக்குப் போகிறீர்கள். நுழைவாயில் போர்டில் டாக்டர் பெயர் இல்லை. கவுன்டரில் கேட்டால், "அவர் இப்போ இங்கே வர்றதில்லை சார், வேற டாக்டர் பார்ப்பார்" என்கிறார்கள். நாமும் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். அவரே போனாரா, போகச் சொன்னார்களா, ஏன் என்று கேட்பதில்லை. அவருக்கு வெளியூரில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கலாம். சரியாக வேலை செய்யாததால் அனுப்பியிருக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. நோயாளியின் நன்மைக்காக நிர்வாகத்திடம் "இது சரியில்லை" என்று சொன்னதற்காகவும் டாக்டர்களின் வேலை போயிருக்கிறது. நான் பேசப் போவது இந்த மூன்றாவது ரகத்தைப் பற்றி.

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டும் வெளிநாட்டில் நடந்தவை; இரண்டும் நீதிமன்றம் போய், தீர்ப்பு வந்து, எல்லோரும் படிக்கக் கிடைப்பவை. அதனால் ஊகம் இல்லாமல் பேசலாம். பிறகு நம் ஊருக்கு வருவோம்.

முதல் வழக்கு: மருந்தில் சாக்கரின்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம். ஆர்த்தோ என்ற மருந்துக் கம்பெனியில் 1971-இல் டாக்டர் கிரேஸ் பியர்ஸ் என்ற பெண்மணி சேர்ந்தார். எம்.டி. படித்தவர். இரண்டே ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றின் டைரக்டர் ஆனார். மருந்து பாதுகாப்பானதா, வேலை செய்கிறதா என்று சோதிக்கும் முறைகளை வகுப்பதுதான் அவர் பொறுப்பு.

1975-இல் லோபெரமைட் என்ற மருந்தைத் திரவ வடிவில் கொண்டுவர ஒரு குழு வேலை செய்தது. வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சேர்த்துத்தான். அந்தக் குழுவில் எம்.டி. படித்த டாக்டர் பியர்ஸ் ஒருவர் மட்டுமே. கசப்புத் தெரியாமல் இருக்க அந்தத் திரவத்தில் சாக்கரின் சேர்த்திருந்தார்கள். எவ்வளவு? 12 அவுன்ஸ் செயற்கை இனிப்புக் குளிர்பானத்தில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதித்திருக்கக்கூடிய அளவைப் போல 44 மடங்கு என்று தீர்ப்பில் இருக்கிறது. சாக்கரின் புற்றுநோயை உண்டாக்குமா என்று அப்போது பெரிய சர்ச்சை நடந்துகொண்டிருந்தது.

முதலில் குழு மொத்தமும் இந்தக் கலவை வேண்டாம், வேறு தயாரிப்போம் என்றுதான் சொன்னது. ஆனால் வேறு கலவை தயாரிக்க மூன்று மாதமாவது ஆகும். மார்ச் முடிவதற்குள் மற்றவர்கள் எல்லோரும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்று மாறிவிட்டார்கள். டாக்டர் பியர்ஸ் மட்டும் மாறவில்லை. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இதைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது தன் மருத்துவ உறுதிமொழிக்கு ஒவ்வாது என்றார். மே மாதம் அவரை அந்த வேலையிலிருந்து விலக்கினார்கள். பொறுப்பு குறைந்தது, பதவி இறங்கியதாகவே அவர் எடுத்துக்கொண்டார். ஜூன் மாதம் ராஜினாமா கடிதம் கொடுத்தார். "நானாகப் போகவில்லை, போக வைத்தார்கள்" என்று நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

அந்த நாட்டில் அப்போது இருந்த பொதுவான விதி என்ன தெரியுமா? காலம் குறிப்பிட்ட ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளி எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லியோ சொல்லாமலோ, தொழிலாளியை அனுப்பலாம். டாக்டரானாலும் அதுதான் கணக்கு.

1980-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் ஒரு வேடிக்கை. கொள்கையளவில் டாக்டர் பியர்ஸ் கேட்டதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பொதுநலத்துக்கு எதிரான ஒன்றைச் செய்ய மறுத்ததற்காக ஒருவரை நீக்கினால் அவர் வழக்குப் போடலாம் என்று அந்த மாநிலத்துக்கு ஒரு புது விதியையே வகுத்தது. ஆனால் அந்த விதியின் பலன் அவருக்கே கிடைக்கவில்லை. எந்தச் சட்டத்தை, எந்தத் தெளிவான விதியைக் கம்பெனி மீறச் சொன்னது என்று காட்ட வேண்டும். மருத்துவ உறுதிமொழி மிகவும் பொதுவானது. மனிதர்களிடம் சோதிக்கும் முன் எப்படியும் அரசுத் துறையின் அனுமதி வாங்கியாக வேண்டும். ஆகவே இது மருத்துவர்களுக்குள் உள்ள அபிப்பிராய பேதம். இதற்கு நஷ்ட ஈடு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நீதிபதி மாறுபட்டார்.

ஆக, சொன்னவர் தோற்றார், அவர் கேட்ட விதி ஜெயித்தது. 1986-இல் அந்த மாநிலம் மனசாட்சிப்படி நடக்கும் ஊழியர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பின்னால் அதில் ஒரு திருத்தமும் வந்தது: நோயாளிகளுக்குத் தரமற்ற சிகிச்சை கொடுக்கப்படுகிறது என்று நியாயமாக நம்பி மருத்துவத் தொழிலில் உள்ளவர் சொன்னால், அதற்கும் பாதுகாப்பு.

இரண்டாவது வழக்கு: நான்கு கட்டில் இடத்தில் ஐந்தாவது கட்டில்

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரம். அங்கே வால்ஸ்கிரேவ் ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜ் மட்டு இதய நோய் நிபுணர். அரசு ஆஸ்பத்திரிதான். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. நான்கு கட்டிலுக்காகக் கட்டிய இடத்தில் ஐந்தாவது கட்டிலைப் போடுவார்கள். நம் ஊரில் தரையில் பாய் போட்டுப் படுத்த நோயாளிகளையே பார்த்த நமக்கு, இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். ஆனால் இதய வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் ஆக்சிஜன் குழாய், சளி உறிஞ்சும் குழாய், மின் இணைப்பு வேண்டும். நான்குக்குத்தான் அது இருக்கிறது. ஐந்தாவது ஆளுக்கு நெஞ்சு நின்றால் கருவியை எட்டி எடுப்பதற்குள் நேரம் போய்விடும்.

டாக்டர் மட்டுவும் உடன் வேலை செய்தவர்களும் இதை உள்ளே சொல்லிப் பார்த்தார்கள். 2001-இல் அந்த நாட்டின் சுகாதாரத் தர ஆய்வு அமைப்பின் அறிக்கையும் அந்த ஆஸ்பத்திரியைக் கடுமையாக விமர்சித்தது. அதே ஆண்டு, நெரிசலான அந்த வார்டில் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள் என்று டாக்டர் மட்டு வெளிப்படையாகச் சொன்னார்.

2002 பிப்ரவரியில் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். உடன் வேலை செய்பவரைக் கொடுமைப்படுத்தினார் என்று புகார். சம்பளம் முழுதாக வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்க முடியாமல் வருடக்கணக்கில் வெளியே இருந்தார். சஸ்பென்ஷன் முடிந்த பிறகும் பழையபடி வேலைக்குத் திரும்ப வழி பிறக்கவில்லை. இடையில் அவர்மேல் ஏறக்குறைய 200 புகார்கள் எழுந்ததாகவும், மருத்துவர்களைக் கண்காணிக்கும் கவுன்சில் அவற்றை ஏற்கவில்லை என்றும் பத்திரிகைகள் எழுதின.

அடுத்து வந்ததுதான் பெரிய சோகம். இதயத்தில் குழாய் செலுத்திப் பார்க்கும் டாக்டர் வருடக்கணக்கில் கை வைக்காமல் இருந்தால் பழக்கம் விட்டுப்போகும். "நீங்கள் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும்" என்றது நிர்வாகம். என்ன பயிற்சி, எங்கே, எந்த நிபந்தனையில் என்பதில் தகராறு. அந்தத் தகராறு முற்றி 2010-இல் டிஸ்மிஸ். யோசித்துப் பாருங்கள். ஒருவரை வெளியே உட்கார வைத்தாயிற்று. வெளியே உட்கார்ந்ததால் வந்த குறையே கடைசியில் அவர் வேலை போவதில் கொண்டுபோய் விட்டது.

அவர் முதலில் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். "என் திறமை பற்றிய கேள்வி இது. அதை வெளியாட்கள் உள்ள குழு விசாரித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தலைமை அதிகாரியே விசாரித்து நீக்கியது செல்லாது" என்றார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 2012-இல் அப்பீலிலும் தோற்றார். இது திறமை பற்றியது அல்ல, நடத்தை பற்றியது. ஆகவே நடைமுறை சரிதான் என்று முடிவானது.

அதோடு அவர் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் அந்த நாட்டில் 1998-இல் பொதுநலனுக்காக முறைகேட்டை வெளியே சொல்பவர்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் அவர் பர்மிங்ஹாமில் உள்ள வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அங்கே கேள்வியே வேறு. "நடைமுறை சரியா" என்று கேட்பதோடு நிற்காமல், "உண்மையில் எதற்காக இவருக்கு இத்தனை தொல்லை" என்று கேட்டார்கள். 2014 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அவர் நியாயமற்ற முறையில் நீக்கப்பட்டார், குறைகளைச் சொன்னதற்காகவே பல பாதிப்புகளுக்கு ஆளானார் என்று தீர்ப்பாயம் கண்டது. 2016-இல் நஷ்ட ஈடு 12 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு என்று முடிவானது. சாதாரண நியாயமற்ற நீக்கத்துக்கு அங்கே அப்போது உச்சவரம்பு இருந்தது. முறைகேட்டைச் சொன்னதற்காக நீக்கினால் உச்சவரம்பு கிடையாது.

சஸ்பெண்ட் ஆனதிலிருந்து பணம் முடிவாகும் வரை 14 ஆண்டுகள். அந்த 14 ஆண்டில் அவர் பார்த்திருக்க வேண்டிய இதய நோயாளிகளை வேறு யாரோ பார்த்திருப்பார்கள், அல்லது வரிசையில் நின்றிருப்பார்கள். அந்த நஷ்டத்துக்கு எந்தத் தீர்ப்பாயமும் தொகை போடுவதில்லை.

தேதியைப் பாருங்கள்

பேங்கில் கிளார்க்காக வேலை பார்த்தவனுக்குத் தேதி பார்ப்பது பழக்கம். ஒரு செக் வந்தால் முதலில் தேதி, பிறகுதான் தொகை. இந்த இரண்டு வழக்கிலும் அப்படித் தேதியை வரிசையாக எழுதிப் பாருங்கள். டாக்டர் பியர்ஸ் 1973-இல் பதவி உயர்வு பெற்றவர். 1975 வசந்த காலத்தில் எதிர்ப்புச் சொல்கிறார். மே மாதம் அவரிடம் குறை காண்கிறார்கள். டாக்டர் மட்டு 2001-இல் வெளியே பேசுகிறார். 2002 தொடக்கத்தில் அவர்மேல் புகார் வருகிறது.

தேதி மட்டும் குற்றத்தை நிரூபிக்காது. ஆனால் எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று காட்டும். நேற்றுவரை நல்ல டாக்டர், இன்று வாய் திறந்தார், நாளை கெட்ட டாக்டர் என்றால், நடுவில் இருக்கும் அந்த "இன்று" பற்றி யாராவது விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையை நடத்தச் சட்டம் இருந்ததால்தான் டாக்டர் மட்டு ஜெயித்தார். டாக்டர் பியர்ஸ் காலத்தில் அந்தச் சட்டம் இல்லை.

நம் ஊரில் என்ன நிலை?

இங்கே நான் எங்கள் பேங்க் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க.

எங்கள் காலத்தில் ஒரு பேங்க் கிளார்க்கை நீக்குவது சுலபமல்ல. 1953 சாஸ்திரி அவார்டு, 1962 தேசாய் அவார்டு, 1966 முதல் இருதரப்பு ஒப்பந்தம் என்று படிப்படியாக விதிகள் வந்திருந்தன. முதலில் எழுத்தில் சார்ஜ்ஷீட். பதில் சொல்ல அவகாசம். விசாரணை அதிகாரி. நம் பக்கம் பேச யூனியன் பிரதிநிதி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை. தண்டனைக்கு முன் இன்னொரு நோட்டீஸ். பிறகு அப்பீல். சஸ்பெண்ட் ஆனாலும் பிழைப்பூதியம் உண்டு. அதற்குமேல் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் துணைக்கு இருந்தது. கவுன்டரில் பணம் எண்ணுகிறவனுக்கு இத்தனை அடுக்குப் பாதுகாப்பு.

தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டருக்கு? அந்தத் தொழில் தகராறு சட்டம் நடைமுறையில் இருந்தவரை, அதன்படி டாக்டர் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வரவில்லை. தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தின் மருத்துவ அதிகாரிகள் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் முடிவு சொன்னது.

சரி, சிவில் கோர்ட்டுக்குப் போய் "என் வேலையைத் திருப்பிக் கொடு" என்று கேட்கலாமா? 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். ஒருவரின் தனிப்பட்ட திறமையை நம்பிய வேலை ஒப்பந்தத்தை, "இவரையே வைத்துக்கொள்" என்று கோர்ட் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. இதற்கு மூன்று விலக்குகளை உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: அரசு ஊழியர், தொழில் சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளி, சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனம் அந்தச் சட்டத்தை மீறி நீக்கிய ஊழியர். தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் இந்த மூன்றிலும் இல்லை. மிஞ்சுவது நஷ்ட ஈடு. அதுவும் பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தைச் சுற்றியே நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் பல டாக்டர்கள் சட்டப்படி ஊழியர்களே அல்ல, "கன்சல்டன்ட்". வருடக் கடைசியில் கையில் வருவது சம்பளக்காரர்களுக்கான வரிப் பிடித்தப் படிவமா, மற்றவர்களுக்கானதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கானது என்றால் அது சம்பளமல்ல, தொழில் கட்டணம். பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. புணேயின் ரூபி ஹால் கிளினிக் சம்பந்தப்பட்ட வரி வழக்கில், நோயாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் டாக்டர்கள் ஊழியர்கள் அல்ல என்று மும்பை உயர் நீதிமன்றம் 2015-இல் சொன்னது. வரிக்காகச் சொன்னதுதான். ஆனால் ஊழியரே இல்லை என்றான பிறகு "வேலையை விட்டு நீக்கினார்கள்" என்று வழக்குப் போட எங்கே இடம்? ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான்.

முறைகேட்டை வெளியே சொல்பவர்களுக்கென்று நம் நாட்டிலும் 2014-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆனால் அது அரசுப் பணியில் இருப்பவர்களைப் பற்றிய புகார்களுக்கானது. தனியார் ஆஸ்பத்திரியில் நடப்பதைச் சொல்கிற டாக்டருக்கு அதில் இடமில்லை.

இப்போது இதன் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் 1.7 என்று ஒரு விதி. தன் தொழிலில் இருப்பவர்களின் திறமையின்மை, ஊழல், நேர்மைக் குறைவு ஆகியவற்றை மருத்துவர் பயமோ பட்சபாதமோ இல்லாமல் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அதே விதிகளில் 6.4, நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் கொடுக்கவும் வாங்கவும் கூடாது என்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1.7-ஐ நம்பி ஒரு டாக்டர் வாய் திறந்தால், அடுத்த மாதம் அவருக்கு ஒரு மாத நோட்டீஸ் வந்தால், அவரைக் காப்பாற்ற அந்த விதிகளில் ஒரு வரி கூட இல்லை. "பேசு" என்று கட்டளை இருக்கிறது; பேசினவருக்குக் கவசம் இல்லை.

நமக்கென்ன என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டுமா, மாத்திரையே போதுமா என்று ஒரு டாக்டர் சொல்லும்போது, அவர் மனதில் உங்கள் இதயம் மட்டும்தான் இருக்க வேண்டும். ஒரு மாத நோட்டீஸில் போகக்கூடியவர், வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர், பள்ளியில் பிள்ளையை வைத்திருக்கிறவர், "இந்த மாதம் உங்கள் கணக்கில் ஆபரேஷன் குறைவு" என்று யாராவது சொன்னால் என்ன செய்வார்? பலர் அப்போதும் சரியாகத்தான் செய்வார்கள். ஆனால் நம் உயிரை ஒருவரின் வீரத்தை மட்டும் நம்பி விடுவது நல்ல ஏற்பாடு அல்ல. பேங்கில் லாக்கருக்கு இரண்டு சாவி வைப்பது யாரையும் திருடன் என்று சந்தேகித்து அல்ல. ஏற்பாடு அப்படி இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

மறுபக்கமும் உண்டு

நீக்கப்பட்ட டாக்டர் எல்லோரும் தியாகி என்று நான் சொல்ல வரவில்லை. திறமை குறைந்தவரை, நோயாளியிடமும் நர்ஸிடமும் எரிந்து விழுபவரை, ராத்திரி கூப்பிட்டால் வராதவரை நிர்வாகம் அனுப்பத்தான் வேண்டும். அனுப்பாவிட்டால் அதுவும் நமக்குத்தான் ஆபத்து. டாக்டர் பியர்ஸ் வழக்கில் நீதிபதிகள் கவலைப்பட்டதிலும் அர்த்தம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் மனசாட்சியை மட்டும் சொல்லி எந்த வேலையையும் நிறுத்தலாம் என்றால் எந்த ஆராய்ச்சியும் நடக்காது.

ஆகவே நான் கேட்பது டாக்டரை நீக்கவே கூடாது என்றல்ல. காரணத்தை எழுதிக் கொடுங்கள். அவர் பதிலைக் கேளுங்கள். புகார் கொடுத்தவரே நீதிபதியாக உட்காராதீர்கள். அவர் அதற்குமுன் ஏதாவது குறை சொல்லியிருந்தால், அதைத் தனியாக விசாரியுங்கள். ஒரு பேங்க் கிளார்க்குக்குக் கிடைத்தது ஒரு டாக்டருக்கும் கிடைக்கட்டும். இதில் நல்ல நிர்வாகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்போது மாறட்டும். அதுவரை நம்மால் ஆன சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, நம் குடியிருப்பில் டாக்டர் பிள்ளைகளும் மருமக்களும் இருக்கும் வீடுகளுக்கு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊழியரா, கன்சல்டன்ட்டா? நோட்டீஸ் காலம் இரண்டு பக்கமும் சமமா? நீக்குவதற்கு முன் விசாரணை உண்டா? வேலையை விட்ட பிறகு பழைய நோயாளி வழக்குப் போட்டால் இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு? "விலகிய பின் இத்தனை கிலோமீட்டருக்குள் தொழில் செய்யக்கூடாது" என்று ஏதாவது இருக்கிறதா? இந்தக் கடைசி நிபந்தனை, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவின் முன் பொதுவாக நிற்காது. ஆனாலும் அதைக் காட்டி மிரட்டுவது உண்டு. தெரிந்திருந்தால் பயம் குறையும்.

இரண்டு, அந்தப் பிள்ளைகளுக்கே இன்னொன்று. வார்டில் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் கான்டீனில் சொல்ல வேண்டாம். தேதி போட்டு, நோயாளியின் பெயரை வெளியிடாமல், மரியாதையாக, எழுத்தில் கொடுங்கள்; ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன இரண்டு வழக்குகளையும் இன்று நாம் இத்தனை விவரமாகப் பேச முடிவது, எப்போது எதைச் சொன்னார்கள் என்பது கோர்ட்டில் பதிவானதால்தான்.

மூன்று, நோயாளிகளான நமக்கு. டாக்டர் போய்விட்டால் நம் வியாதியின் வரலாறும் அவரோடு போய்விடக் கூடாது. நான் சொன்ன 2002 விதிகளின்படி நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளிகளின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வாயால் கேட்டால் "அப்புறம் வாங்க" என்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

நான்கு, கவுன்டரில் "அவர் வர்றதில்லை" என்றால், சண்டை போடாமல் இரண்டு கேள்வி கேளுங்கள். "எப்போதிலிருந்து வரவில்லை? அவர் எனக்கு ஆரம்பித்த சிகிச்சையை யார் பொறுப்பேற்று முடிப்பார்கள்?" முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போகலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் வாங்காமல் டோக்கன் வாங்காதீர்கள்.

ஐந்து, நம் சங்கத்துக்கு. இலவச முகாம் நடத்த ஆஸ்பத்திரிகள் நம் கேட்டுக்கு வருகின்றன. வரட்டும், நல்லதுதான். அடுத்த முறை செயலாளர் பேசும்போது, ரத்த அழுத்தம் பார்க்க எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பதோடு இதையும் கேட்கலாம்: "உங்கள் டாக்டர்கள் ஏதாவது குறை சொல்ல விரும்பினால் யாரிடம் சொல்வார்கள்? அப்படிச் சொல்ல உங்களிடம் எழுதி வைத்த முறை இருக்கிறதா?" உடனே பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. நோயாளிகள் இதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே நிர்வாகம் யோசிக்கும்.

இதில் ஏதாவது சந்தேகம் இருந்தால், மாலை நடைக்குப் பிறகு நான் பூங்கா பெஞ்சில்தான் இருப்பேன், வந்து கேளுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு வந்தால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிடலாம்.